வாயைத் திறந்து தூங்குகிறவள்

தூங்கும்போது எனக்கு வாய் ஒழுகும். இப்போது ஒரே வரியில் சுலபமாக எழுதிவிட்டேன். அப்போதெல்லாம் இதை எழுதுவதிருக்கட்டும், வாய்விட்டுச் சொல்லவே நாக்கு புரண்டிருக்காது. ‘ஜொள்ளு’ என்றால் கேட்பவர்கள் வேறு எதையோ நினைத்துச் சிரிப்பார்கள். ‘வாய்நீர்’ என்றால் சித்த வைத்தியரின் விளம்பரப் பலகை மாதிரி இருக்கும். ‘எச்சில்’ என்றால் ஓரடி தள்ளி நின்றுகொள்வார்கள். அந்த ஓரடிதான் எனக்குப் பெரிய கவலை.

எச்சில் விஷயத்தில் எங்கள் வீடு ராணுவம். தண்ணீர்ச் செம்பு உதட்டில் பட்டுவிட்டால் அம்மா அதைப் புளி போட்டுத் தேய்க்கவைப்பாள். ஓடுகிற பஸ்ஸில்கூட அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். பிறகு நியூசிலாந்துக்கு வேலைக்கு வந்தபோது, ஆக்லாந்து அலுவலகத்தில் நான் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றிக்கொள்வதைப் பார்க்க முதல் வாரம் சின்னக் கூட்டமே கூடியது. ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் எப்படி முடிகிறது என்று கேட்டார்கள். பகலில் ஒரு சொட்டும் சிந்தாத அந்த வாய்தான் ராத்திரியானால் மதகைத் திறந்துவிடும்.

கோயம்புத்தூரில் பொறியியல் படித்தபோது ஹாஸ்டல் அறையில் நாலு பேர். காலையில் ஒருத்தி என் தலையணையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வானொலிக் குரலில் வாசிப்பாள்: “இன்று காலை நிலவரப்படி அணையின் நீர்மட்டம் வேகமாக உயர்ந்து வருகிறது. உபரி நீர் எந்த நேரமும் திறந்துவிடப்படலாம் என்பதால் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” கரையோர மக்கள் என்றால் பக்கத்துக் கட்டில்காரி. அவளும் உடனே பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நிற்பாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள். ஆனால் உள்ளுக்குள் செத்துப்போனேன். இனி அந்நியர் முன்னால் தூங்குவதில்லை என்று அப்போது எடுத்த முடிவு என்னோடு கடல் தாண்டியும் வந்தது.

கல்யாண மண்டபங்களில் எல்லாரும் ஜமுக்காளத்தில் உருண்டு கிடக்க நான் மட்டும் சமையல்காரர்களோடு காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். பொறுப்பான பெண் என்று பெயர். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஆக்லாந்து வந்தபோது விமானத்தில் இருந்த படங்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில் உயிர்காக்கும் அங்கியை எப்படிக் கட்டுவது என்கிற அட்டையைப் படித்துக்கொண்டு வந்தேன். மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து வேலைக்கு ரயிலில் போகும்போது இடம் இருந்தாலும் உட்கார மாட்டேன். உட்கார்ந்தால் ரயில் தாலாட்டும்.

என் கணவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் தனியாகப் பேசச் சொல்லிக் கொடுத்த பத்து நிமிடத்தில் எனக்குச் சமைக்கத் தெரியாது, கோபம் வரும், பல்லியைக் கண்டால் அலறுவேன் எல்லாவற்றையும் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. கல்யாணமாகி மூன்றாம் நாள் விடிகாலையில் மனிதர் எழுந்து உட்கார்ந்து, நனைந்த தோள்பட்டையைத் தடவிவிட்டு, கூரையை அண்ணாந்து பார்த்து, “வெளிய மழையா? ஒழுகுதே!” என்றார். வெயில் காலம் அது. உண்மை தெரிந்த பிறகு, “சரி விடு, எங்க தங்கச்சி தூக்கத்துல பல்லைக் கடிப்பா. உன்னது சத்தமாவது இல்ல” என்று முடித்துவிட்டார். அவ்வளவு நல்ல மனிதர். அதற்காக அவரை இன்றுவரை மன்னிக்கவே எனக்கு மனமில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு திட்டியிருப்பேன்.

நான் சேர்ந்திருந்தது மருத்துவமனைகளுக்கான மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு குழு. இரண்டாயிரத்துப் பதினான்கு வாக்கில். குழுவில் என்னைச் சுத்தபத்தமானவள் என்று நினைத்திருந்தார்கள். என் மேஜையில் ஒரு காகிதம் கோணலாக இருக்காது. துப்பட்டா மடிப்பு கலையாது. அந்த நல்ல பெயரை எட்டு மாதம் கஷ்டப்பட்டுச் சேர்த்து வைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்கள் மேலாளர் சந்தோஷமாக ஒன்றை அறிவித்தார். அவர் முன்பு மருத்துவமனை வார்டில் தலைமைத் தாதியாக இருந்தவர். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண். அளந்துதான் பேசுவார், அளந்துதான் சிரிப்பார். அடுத்த மாதக் கடைசியில் நாங்கள் எல்லாரும் ஊருக்குத் தெற்கே ஒரு மராயேவுக்குப் போகிறோம் என்றார். மராயே என்பது மாவோரி மக்கள் கூடுகிற இடம். அங்கே விருந்தாளியாகப் போய், அவர்கள் முறைகளைத் தெரிந்துகொண்டு, ஒரு ராத்திரி தங்கி வருவது. “எல்லாரும் ஒரே பெரிய வீட்டில் தூங்குவோம். மெத்தைகளை வரிசையாகப் போட்டு, பக்கம் பக்கமாக” என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். யாருக்காவது ஏதாவது தேவை இருக்கிறதா என்று மேலாளர் கேட்டார். ஒருவர் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்றார். நான் சைவம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

எனக்குப் பக்கத்து மேஜையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் பழைய நர்ஸ்தான். மதியச் சாப்பாட்டின்போது நான் மெல்ல ஆரம்பித்தேன்.

“அக்கா, என் ஃப்ரெண்டு ஒருத்தி. அவளுக்குத் தூங்கும்போது வாயிலேர்ந்து தண்ணி வடியுதாம். ஏன் அப்படி?”

அக்கா புட்டைக் கிளறிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். “அந்தச் சிநேகிதிக்குக் கழுத்தில இந்த இடத்தில ஒரு மச்சம் இருக்குமோ?”

“அக்கா!”

“சரி, சிநேகிதியெண்டே கதைப்பம். அவவுக்கு மூக்கடைப்பு இருக்கோ?”

“எப்பவும்.”

“நெஞ்செரிவு? புளிச்ச ஏப்பம்?”

“இல்ல.”

“குறட்டை விட்டு, மூச்சு முட்டித் திடுக்கிட்டு எழும்புறவவோ? பகல் முழுக்கத் தூங்கி வழியிறவவோ?”

“அவ வீட்டுக்காரர் அப்படி ஒண்ணும் சொல்லலயாம்.”

“எப்பிடிப் படுக்கிறவ?”

“குப்புற.”

“ஓம், பின்ன வடியாமல் என்ன செய்யும்? வீணீர் மேல நோக்கியே ஏறும்? சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிட்டக் காட்டும்” என்று சொல்லிவிட்டு, என் டப்பாவிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டார்.

த்ரீ கிங்ஸில் கடைகளுக்குப் பின்னால் எங்கள் குடும்ப மருத்துவர். மலேசியத் தமிழர். நான் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. அதனாலேயே அவர்மேல் மரியாதை வந்தது. மூக்கில் விளக்கடித்துப் பார்த்தார். தொண்டை, பல் ஈறு எல்லாம் பார்த்தார். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார். சில மாத்திரைகளே வாயில் நீரைப் பெருக்கிவிடுமாம்.

“உங்களுக்கு எச்சில் கூட ஊறல. எல்லாருக்கும் ஊறுற அளவுதான்” என்றார். “தூங்கறப்போ முழுங்குறது கொறஞ்சிடும். மூக்கு அடைச்சிருந்தா வாயத் தொறந்து மூச்சு விடுவீங்க. ஒருக்களிச்சோ குப்புறவோ படுத்தா வழிஞ்சிடும். அவ்ளோதான் லா. மூக்கு உள்ள நல்லா வீங்கியிருக்கு. வீடு எப்படி? ஈரமா?”

ஈரமா! எங்களுடையது மவுண்ட் ஆல்பர்ட்டின் பழைய மர வீடு. பார்க்க நாட்காட்டிப் படம் மாதிரி இருக்கும். குளிர்காலக் காலைகளில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் தண்ணீர் வடியும். துணி அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை கறுப்பாகப் படம் வரைந்திருக்கும். கணவர் ஒரு துண்டால் ஜன்னலையும் இன்னொரு துண்டால் என் பக்கத்துத் தலையணையையும் துடைத்துவிட்டுத்தான் காப்பி போடப் போவார்.

அந்தப் பூஞ்சையும் தூசியும்தான் மூக்கைக் கெடுக்கிறது என்றார் மருத்துவர். மூக்குக்கு ஒரு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவச் சொன்னார். தலையை உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும், தலையணை உறையை அடிக்கடி வெந்நீரில் துவைக்க வேண்டும், வீட்டை உலரவைக்க வேண்டும். ஒரு நாள் திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணி ஒழுகினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ அது வேறு விஷயம், அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஓட வேண்டும் என்றார். இதை நிறுத்த ஒரே மாத்திரை ஏதும் கிடையாதா என்று கெஞ்சினேன்.

“இருக்கு. ஆனா அது பெரிய சீக்குக்காரங்களுக்கு. உங்களுக்கு எதுக்கு? வாய் காஞ்சி, கண்ணு காஞ்சி, மலச்சிக்கல் வந்து உக்காந்திருப்பீங்க. ஸ்ப்ரேய ஒழுங்கா அடிங்க. ரெண்டு மூணு வாரம் டைம் குடுங்க லா.”

என்னிடம் நாலு வாரம் இருந்தது. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இறங்கினேன்.

மல்லாந்து படுப்பதுதான் பெரும்பாடு. தூக்கத்தில் நான் தோசை மாதிரி திரும்பிவிடுவேன். கணவர் யோசித்து, இரண்டு அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்து என் இரண்டு பக்கமும் அணை கட்டினார். நடுவில் நான் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாகக் கிடந்தேன். “ஒரு மாலை போட்டா முடிஞ்சுது” என்றார். சிரிக்கக்கூட முடியாது, சிரித்தால் மூட்டை சரியும். ஒரு நாள் மூட்டையின் தையல் பிரிந்து, விடிந்தபோது நான் பொன்னி அரிசியில் குப்புறக் கிடந்தேன். கன்னத்தில் ஒட்டிய அரிசியை அவர் ஒவ்வொன்றாக எடுத்து, “இதை ஊறவைக்கவே வேணாம், நேரா இட்லிக்கு அரைச்சிடலாம்” என்றார்.

மூக்குக் கழுவத் தனிப் பாத்திரம் வாங்கச் சொல்லியிருந்தார்கள். நான் வீட்டிலிருந்த வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்தேன். பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்காக மாமியார் எங்கள் பெட்டியில் வைத்து அனுப்பியது. குழந்தை இன்னும் வரவில்லை. பாலாடை சும்மாதானே இருக்கிறது? குளியலறையில் தலையைச் சாய்த்து ஒரு மூக்கில் ஊற்றினால் மறு மூக்கில் வந்தது. அந்த நேரம் பார்த்து வீடியோ அழைப்பில் வந்த மாமியார், “கைல என்னம்மா, பாலாடையா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஆனந்தக் கண்ணீர் விட ஆரம்பித்துவிட்டார். அப்படி ஒன்றுமில்லை என்று அவரைத் தெளியவைக்க இரண்டு நாளாயிற்று.

எங்கள் வீட்டுக்குத் தெற்கே ஒனிஹங்காவில் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது விற்ற பழைய ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைக் கணவர் தூக்கிக்கொண்டு வந்தார். ராத்திரி முழுக்க உறுமும். காலையில் அதன் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். “இதுல எவ்வளவு வீட்டோடது, எவ்வளவு உன்னோடது?” என்று தொட்டியை ஆட்டிப் பார்ப்பார்.

ஆனாலும் கேட்டது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் எழுந்தபோது தலையணை காய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அன்று வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று கேசரி கிண்டினேன். அதற்கடுத்த வாரம் வசந்தம் வந்தது. மரமெல்லாம் பூத்தது, காற்றெல்லாம் மகரந்தம், என் மூக்கு பழையபடி அடைத்துக்கொண்டது. மராயேவுக்குப் போக நாலு நாள் இருக்க, தலையணை மறுபடி தொப்பலாக நனைந்தது. உட்கார்ந்து அழுதேன். சின்ன விஷயத்துக்கு அழுகிறேன் என்று தெரிந்தே அழுதேன்.

எப்படியும் வடியப்போகிறது, அடுத்தவர்கள் வீட்டுத் தலையணையில் என் எச்சில் படாமலாவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். சூப்பர் மார்க்கெட்டில் பாத்திரம் துடைக்கிற டீ டவல் ஒரு கட்டு வாங்கினேன். கிவிப் பறவை அச்சடித்தது. எதையும் உறிஞ்சும். புத்தம் புதுசு, எச்சில் படாதது. தலையணையை மூன்று சுற்றுச் சுற்றி ஊக்கு குத்தினால் ஒரு சொட்டு இறங்காது. வீட்டில் ஒத்திகையும் பார்த்துவிட்டு, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு பையில் வைத்தேன்.

மராயே எனக்கு முதல் அடியிலேயே பிடித்துப்போயிற்று. பாட்டுப் பாடி வரவேற்றார்கள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். எங்களைக் கவனித்துக்கொண்ட பெண்மணி, குரலும் உருவமும் பெரிதானவர், முறைகளைச் சொன்னார். உள்ளே சாப்பிடக் கூடாது. படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது. தலையணைமேல் உட்காரக் கூடாது. தலை புனிதமானது, அதனால் தலையணை தலைக்கு மட்டும். என் கூட இருந்தவர்கள் இதையெல்லாம் கவனமாகக் குறித்துக்கொண்டார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மாவை இங்கே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம், சாப்பாட்டுக்கு முன்னால் மெத்தைகளைப் போட்டோம். என் இடம் மேலாளருக்கும் அக்காவுக்கும் நடுவில் அமைந்தது. நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையணைக்குக் கிவிப் பறவைகளைச் சுற்றி ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்மணி வந்து நின்றார்.

“கண்ணு, அது தட்டு துடைக்கிற துணிதானே?” என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

“புதுசு. இன்னும் தொடவே இல்லை” என்றேன் பெருமையாக.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். சாப்பாட்டோடு சேர்ந்த துணி தலையில் படக் கூடாது. தலைக்கானது தலைக்கு, தட்டுக்கானது தட்டுக்கு. இரண்டையும் ஒரே இயந்திரத்தில் சேர்த்துத் துவைக்கக்கூட மாட்டார்கள். என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. எச்சில் பார்த்து எச்சில் பார்த்து வளர்ந்தவள், எச்சில் படக் கூடாது என்று செய்த காரியத்திலேயே அவர்கள் கணக்குப்படியான எச்சிலைத் தலையில் கலக்கப் பார்த்திருக்கிறேன். இதே சட்டத்தை எங்கள் வீட்டில் வேறு பக்கத்திலிருந்து படித்திருந்தேன், அவ்வளவுதான்.

அவர் கோபப்படவில்லை. ஊக்குகளை அவரே கழற்றினார். ஒரு பெரிய குளியல் துண்டைக் கொண்டுவந்து தந்துவிட்டு, “எதற்கம்மா துண்டு?” என்று கேட்டார். அவருடைய சாதாரணக் குரலே கூடத்தின் மறுகோடிக்குக் கேட்கும். எல்லாரும் திரும்பினார்கள்.

“தலையில் எண்ணெய் வைத்திருக்கிறேன்” என்றேன்.

அவர் போனதும் அக்கா என் காதில், “எண்ணெயோ? உம்மட தலை பஞ்சு மாதிரிப் பறக்குது” என்றார்.

துண்டு இருந்தும் எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை கண்கள் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டன. காலையில் அது நனைந்திருந்தால் எண்ணெய்க் கதை நிற்குமா? தூங்குவதில்லை என்று தீர்மானித்தேன். மல்லாந்து கிடந்து கூரையின் சிவப்பும் கறுப்புமான வளைகோடுகளை எண்ணினேன். சுற்றிலும் குறட்டை. அளந்து பேசுகிற மேலாளர் அளக்காமல் குறட்டை விட்டார். பாதிப் பேர் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கினார்கள். அவர்கள் தலையணை நனைந்ததா இல்லையா என்று பார்க்க ஆசைதான். டார்ச் அடித்தா பார்க்க முடியும்?

விடிந்தபோது கண்கள் சிவந்து, மூக்கு குழாயாகக் கொட்டியது. கம்பளித் தூசி. அக்கா ஒரு அலர்ஜி மாத்திரையைத் தந்து, “இது பழைய காலத்து மருந்து, நித்திரை வரும். கவனம்” என்றார். நான் சிரித்தேன். தூக்கத்தை விரட்டுவதில் எனக்கு இருந்த அனுபவம் அவருக்கு என்ன தெரியும்?

விருந்தினர் விடைபெறும்போது எங்கள் சார்பில் ஒருவர் பேச வேண்டும், பிறகு எல்லாரும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். பேசுவது மேலாளர். அதற்காக மாவோரி மொழியில் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களை அவர் வாரக்கணக்கில் மனப்பாடம் செய்திருந்தார். லிஃப்டில் முணுமுணுப்பார், அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் முணுமுணுப்பார். அன்று கிரீம் நிறத்தில் நல்ல கம்பளி ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் நீள பெஞ்சில் அவருடைய வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரோ பேசினார்கள். வெயில் ஜன்னல் வழியாக என் முழங்காலில் விழுந்தது. கண்ணை ஒரு நிமிடம் மூடினால் எரிச்சல் குறையும் என்று நினைத்தேன்.

யாரோ எனக்குத் தாலாட்டுப் பாடினார்கள். எங்கேயோ கேட்ட பாட்டாக இருந்தது. பிறகு தெரிந்தது: நாங்கள் ஒரு மாதமாகக் காலைத் தட்டி உரக்கப் பாடிப் பழகிய பாட்டு. அதை எங்கள் குழு முழுவதும் எழுந்து நின்று, பாதிக் குரலில், வாயசைப்பது போலப் பாடிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தேன். கன்னத்தில் கம்பளி குத்தியது. தலையைத் தூக்கினேன். என் உதட்டிலிருந்து மேலாளரின் தோள்வரை ஒரு நூல் வெயிலில் மின்னியது. நான் விலக விலக அது நீண்டதே தவிர அறுபடவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். தோளில் உள்ளங்கை அளவுக்கு ஈரம்.

பெரிய குரல் பெண்மணிதான் முதலில் பேசினார். “எண்ணெய் நிறையத்தான் வைத்திருக்கிறாய்!”

கூடம் அதிர்ந்தது. மேலாளர்கூட அளக்காமல் சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தின்றுகொண்டிருக்கும்போதே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடம் பயந்தது நடந்தேவிட்டது. யாரும் ஓரடி தள்ளி உட்காரவில்லை.

முகம் கழுவப் போனபோது அக்கா பின்னாலேயே வந்து நடந்ததைச் சொன்னார்.

“அவவைப் பேசக் கூப்பிட்டவை. மனுசி எழும்ப வெளிக்கிட்டவ, பாத்தா நீர் தோளில. நான் தட்டி எழுப்பக் கையை நீட்டினன். வேண்டாம் எண்டு கண்ணாலயே சொல்லிப்போட்டு, இருந்த இடத்தில இருந்தே, குசுகுசுத்துப் பேசினா. அவ்வளவு நாள் பாடமாக்கினதையும் குசுகுசுத்தே சொல்லி முடிச்சா. அந்தப் பக்கத்து ஆக்களும் விளங்கிக்கொண்டு, முன்னுக்குச் சரிஞ்சிருந்து கேட்டவை. பதிலும் குசுகுசுப்புத்தான். பிறகு எங்களைப் பாத்து, மெதுவாப் பாடுங்கோ எண்டா. என்ர வாழ்க்கையில இப்பிடி ஒரு விழா நான் காணேல்லை, பிள்ளை.”

“ஏன்க்கா என்னை எழுப்பல?”

“ராத்திரி முழுக்க நீர் கண்மூடேல்லை எண்டு அவவுக்குத் தெரியும். இடையில எழும்பிப் பாத்தவவாம்.”

குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதேன். நின்று சொல்ல ஆசைப்பட்ட வார்த்தைகளை அவர் எனக்காக உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அந்த ஜாக்கெட்டைத் துவைத்துத் தருகிறேன் என்று சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வேன் கிளம்பத் தயாராக இருந்தது. மேலாளர் கடைசி வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய வலது பக்கத்து இடத்துக்குப் போய், “அந்த ஜாக்கெட்டை...” என்று ஆரம்பித்தேன்.

அவர் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அளந்த குரலில், “இந்தப் பக்கம் இன்னும் ஈரமாக இருக்கிறது. அந்தப் பக்கம் வந்து உட்கார். வீடு போக ஒரு மணி நேரம் ஆகும்” என்றார்.

நான் இடம் மாறி உட்கார்ந்தேன். எல்லாரும் விழித்திருக்கையிலேயே கண்ணை மூடிக்கொண்டேன். ஒனிஹங்கா தாண்டும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது.